சிறப்புத் திரையிடல், இரவு 7.30, தீயணைப்பு நிலையம்

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகியதால்
கடைசி நேரத்தில் இடம் மாற்றினோம்.
வண்டிக் கொட்டகையில் மடக்கு நாற்காலிகள்
அறுபத்திரண்டு. உத்தரத்திலிருந்து
நைலான் கயிற்றில் திரை.
திரைக்குப் பின்னே, வாசலைப் பார்த்தபடி,
சிவப்பு வண்டி. வெளியே நிறுத்தினால்
குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமாம்.
"ஒரு ராத்திரிதானே" என்றேன்.
"தீக்கு அது தெரியாது" என்றான் லியாண்டர் பார்டி.

நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில்
எங்கள் ஊருக்கு ஆண்டில் நான்கு நாள் திரைப்பட விழா.
மீதி நாளெல்லாம் நண்டும் காற்றும்.
டிக்கெட் கிழிப்பவள் நான். கேள்வி நேரத்தில்
மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுபவளும் நானே.

மக்தலேன் தீவுகளிலிருந்து இரண்டு கப்பல் மாறி
வந்திருந்தார் இயக்குநர் ஓடெட் ஷியாசோன்,
இன்னும் இறங்காத கடல் மயக்கத்தோடு.
படம்: பனிக்காலத்தில் தபால் வண்டி ஓட்டும் ஒருத்தி.
எழுபத்து நான்கு நிமிடம். பேச்சு குறைவு.

நாற்பத்தொன்றாம் நிமிடம்.
ஒரு வீட்டெதிரே வண்டியை நிறுத்தி
அவள் கடிதமொன்றைக் கையில் எடுக்கிறாள்.
ஒன்பது இடுப்புகளில் ஒரே சமயம் பேஜர் அலறியது.

ஹெட்லி பர்ட் வீட்டுப் புகைபோக்கி.

யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். திரை சரிந்து
முன்வரிசையின் மடியில் விழுந்தது.
அவள் முகம் வண்டியின் முதுகில் ஏறிக்கொண்டது,
கன்னத்தில் ஏணி, வாயில் எண் பலகை.
கதவு உயர்ந்தது. வண்டி
முகத்தை வாசலோடு விட்டுவிட்டுப் போயிற்று.

நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால்
புரொஜெக்டர் ஓட்டுபவனும் லியாண்டர்,
பம்பு ஓட்டுபவனும் லியாண்டர்.
எந்தப் பொத்தான் என்று வேறெவருக்கும் தெரியாது.
இயக்குநரைப் பார்த்தேன்.
தொடாதே என்று கையை மட்டும் அசைத்தார்.

ஒளி வெளியே போனது.
முதலில் மூடுபனி, பிறகு சாலை,
பிறகு எதிர்ச்சாரியில்
ஏம்ப்ரோஸ் கியர்லியின் வெள்ளைப் பலகை வீடு.
கலங்கிய, வீடளவு முகம்.
கோட்டுகளை மாட்டிக்கொண்டு பார்த்தோம்.
காலி நாற்காலி ஒன்பதிலும் குளிர் வந்து உட்கார்ந்தது.
ஒலிபெருக்கி பழைய இடத்திலேயே இருந்ததால்
அவள் மூச்சு எங்கள் நடுவே,
உதடு தெருவுக்கு அப்பால்.

படம் முடிந்தும் யாரும் எழவில்லை.
ஒன்பதே காலுக்குக் கரிவாசனையோடு திரும்பினார்கள்.

கேள்வி நேரம். மைக்குக்கு முதலில் நீண்டது
நனைந்த கையுறை:
"அந்தக் கடிதத்தை என்ன செய்தாள்?"

ஓடெட் பதில் சொல்லாமல் எங்களைக் காட்டினார்.

கிழித்துவிட்டாள், என்றாள் மீன் ஆலைத் தெரேசா விஃபன்.
இல்லவே இல்லை, சட்டைக்குள் செருகினாள்.
அழுதாள்.
அழுகையா அது, மூடுபனி நகர்ந்தது.
ஒன்றும் நடக்கவில்லை,
எனக்குக் கால் மரத்தது, என்றார் பாதிரியார்.
மைக்கோடு நான் குறுக்கும் நெடுக்கும் ஓடினேன்.
பின்வரிசையில் பத்து வயதுப் பையன்:
"நெஞ்சுக்குள் விளக்குப் போட்டாள். மஞ்சள் விளக்கு.
உள்ளே ஓர் ஆள் நின்று நம்மைப் பார்த்தார்."

கொட்டகை சிரித்தது.
ஓடெட் சிரிக்கவில்லை.
"இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்று கேட்டு
உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மானியப் படிவம்.
திரையின் அளவு: எழுதினேன், அடித்தேன்.
பார்வையாளர் எண்ணிக்கை:
அறுபத்திரண்டு, கழித்தல் ஒன்பது, கூட்டல் ஒன்பது.
அங்கே பேனா நின்றுவிட்டது.

ஏம்ப்ரோஸ் டிக்கெட் வாங்கவில்லை.
இருமல் மருந்து தேடி எழுந்தவர்
விளக்கைப் போட்டுவிட்டு, கண் கூச,
இருபது நிமிடம் ஜன்னலில் நின்றிருக்கிறார்.
தெரு தாண்டிப் போய்க் கேட்டேன்,
படம் எப்படி இருந்தது என்று.

"கதவு திறந்தது. நிறைய பேர்
இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்" என்றார்.
"ஒருத்தரும் அசையவில்லை.
பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது."